வளைந்த முள்

பேனா வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தங்கள் கையெழுத்தைத்தான் போட்டுப் பார்ப்பார்கள், ஐயா. வக்கீலும் அதைத்தான் செய்வார், பள்ளிக்கூட வாத்தியாரும் அதைத்தான் செய்வார். கூச்சப்படுகிறவர்கள் இரண்டு சுழி சுழிப்பார்கள். சுழி நன்றாக வந்துவிட்டால் கூச்சம் பறந்துவிடும், உடனே தங்கள் பெயருக்குத் தாவிவிடுவார்கள். மனிதனுக்குத் தன் பெயரை விடப் பிடித்த சொல் வேறு கிடையாது. அதனால்தான் எங்கள் கடை மேசையில் எப்போதும் ஒரு தாள்கட்டு கிடக்கும். எழுதிப் பார்க்கவென்றே போட்டு வைத்தது.

நான் இங்கே வந்தது அந்தத் தாள்கட்டு விஷயமாகத்தான். ஆள் இல்லாத நேரத்தில் யாரோ அதில் எழுதி வைக்கிறார்கள் என்று புகார் கொடுக்க வந்தேன். வாசலில் நின்ற காவலர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். நல்ல மனிதர். சொல்கிறேன்.

கடை என் அத்தானுடையது. அக்காவின் கணவர். கீழே கடை, மேலே வீடு. வீட்டில் ஓர் அறை எனக்கு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தக்காரர்கள் யாராவது ஏன் என்று கேட்டால், "அவனுக்குத்தான் கடையில நூறு பொண்டாட்டி இருக்கே, மூடி போட்டு வரிசையா படுக்க வெச்சிருக்கான்" என்று அத்தான் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் கெட்டவர் இல்லை. பெற்றவர்கள் போன பிறகு எனக்குச் சோறு போட்டவர் அவர்தான். அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

ஆனால் அவருக்குக் கடையில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. சரக்கு வரும், சரக்கு போகும், அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. நல்ல நோட்டுப் புத்தகத்தை விரித்து மேசையில் வைத்தால் அது தானாக மூடக் கூடாது, படுத்த மாதிரி கிடக்க வேண்டும். நூல் கோத்துத் தைத்ததா பசை போட்டு ஒட்டியதா என்று அதிலேயே தெரிந்துவிடும். நல்ல ஸ்டேப்ளரை அழுத்தினால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கும். பித்தளைக் காகிதக் கவ்விகளை ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்குக் கொட்டுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகவே சும்மா மாற்றி மாற்றிக் கொட்டியிருக்கிறேன். மை பேனா என்றால் கேட்கவே வேண்டாம். நிப்பை நாங்கள் முள் என்போம். முள்ளின் நுனியில் இருக்கிற மணி ஒரு கடுகில் பாதிகூட இருக்காது. அந்த மணிதான் பேனா. மற்றதெல்லாம் அதற்கு உடம்பு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சொன்னால் வெட்கம். என் கையெழுத்து படுமோசம். கோழி கிண்டியது போல இருக்கும். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியும் மாறவில்லை. பெரியவனான பிறகு நாலு கோடு நோட்டு வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு எழுதிப் பழகியும் மாறவில்லை. எவ்வளவு நல்ல பேனாவை எடுத்தாலும் என் கையில் அது நொண்டிவிடும். அத்தானோ, காதில் செருகி வைத்திருக்கும் மொட்டைப் பென்சிலை எடுத்து, அட்டைப்பெட்டியின் மூலையில் ‘உடையும் பொருள்’ என்று எழுதுவார். முத்து முத்தாக இருக்கும். வாடிக்கையாளர்கள் பில்லைப் பார்த்துவிட்டு, "யார் எழுதினது? கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கே" என்பார்கள். "அது ஏதோ வருதுங்க" என்பார் அத்தான். ஏதோ வருகிறதாம்.

எனக்குப் பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். பல் இல்லாதவனிடம் பட்டாணி இருந்தால் அவன் யாரைக் கோபிக்க முடியும்?

போன வருடம் வியாபாரம் மந்தம். ஒருநாள் சாப்பிடும்போது அத்தான் சொன்னார்: "மச்சான், முன்னாடி இருக்கிற கண்ணாடி அலமாரியைக் காலி பண்ணிடலாம். போன் கவர் போடலாம்னு இருக்கேன். பேனாவையெல்லாம் பரண்ல ஏத்திடு. யாராச்சும் கேட்டா எடுத்துக் குடுத்துக்கலாம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா குழம்புப் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"பரண்ல வெக்கை அத்தான். மை காஞ்சிடும், உறைஞ்சிடும்."

"பயிர் காயுதுன்னா கவலைப்படலாம். இது பேனா."

கடை அவருடையது. உண்ட வீட்டுக்கு எதிராகப் பேசுகிற பழக்கம் எனக்கில்லை.

மறுநாள் மதியம் கடையை மூடிவிட்டு வேலையை ஆரம்பித்தோம். அலமாரியில் பேனாக்களை மூடி கழற்றி வைத்திருப்போம், முள் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக. வெல்வெட் விரித்த மரத்தட்டில் பேனா ஒரு பள்ளத்தில், அதன் மூடி பக்கத்துப் பள்ளத்தில். இடம் மாற்றுவதென்றால் ஒவ்வொன்றுக்கும் மூடி போட்டுவிட்டுத்தான் தட்டைத் தொடவேண்டும். எங்கள் தொழிலில் இது பாலபாடம். அத்தான் தட்டுகளை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"மூடி போட்டுடறேன் அத்தான், கொஞ்சம் பொறுங்க."

"பொழுது போயிடும். அட, பேனாதானே மச்சான், கைக்குழந்தையா? நீ ஏணியைப் பிடி."

பிடித்தேன். பின்னறையில்தான் பரண். அங்கேதான் தாள் வெட்டும் இயந்திரமும் இருக்கிறது, இரும்பு மேசையோடு. அத்தான் ஏணியின் உச்சியில் நின்று தட்டுகளைத் தலைக்கு மேலே தூக்கினார். மேல் தட்டு பரண் விளிம்பில் இடித்துச் சரிந்தது. எனக்கு இருப்பது இரண்டு கைகள். இரண்டும் ஏணியில் இருந்தன. நீட்டினால் தட்டைப் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. நீட்டினேன். இதில் யோசனை ஒன்றும் இல்லை, ஐயா. இடுப்பிலிருந்து நழுவுகிற குழந்தையைப் பிடிக்கிறவள் யோசித்தா பிடிக்கிறாள்?

ஏணி வழுக்கியது. தட்டும் என் கைக்கு அகப்படவில்லை. அத்தானின் பிடரி இரும்பு மேசையின் ஓரத்தில் பட்டது. பிறகு அவர் தரையில் கிடந்தார். அவரைச் சுற்றிப் பேனாக்கள் கிடந்தன.

விபத்து என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். இதுவரைக்கும் அது உண்மைதான். இதற்கு அப்புறம் நடந்ததை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பேனா கீழே விழுந்தால் இரண்டு விதமாக விழும். பின்பக்கமாக விழுந்தால் ஒரு கீறலோடு போயிற்று. முள் பக்கமாக விழுந்தால் பிரச்சினை. எது எப்படி விழுந்திருக்கிறது என்று உடனே பார்க்க வேண்டும், ஏனென்றால் முழுசாகத் தப்பித்ததையும் யாராவது காலால் நசுக்கிவிடலாம். யாராவது என்றால், அத்தானின் கால்தான் அசைந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நல்ல பேனாக்கள் சில கிடந்தன. முதலில் அவற்றை எடுத்தேன். பிறகு அவருடைய தோளுக்கு அடியில் போனதை எடுத்தேன். அதற்கு அவரைக் கொஞ்சம் புரட்ட வேண்டியிருந்தது. அப்போது அவர் ஒரு சத்தம் கொடுத்தார். மெதுவாகத்தான் புரட்டினேன்.

மேலே அக்காவின் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் முழுக்க அது ஓடும். எங்கள் வீட்டுத் தரை மெல்லியது. கீழேயிருந்து பலமாக ஒரு குரல் கொடுத்தால் போதும், அவளுக்குக் கேட்கும். இதை நான் மறைக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

எடுத்த பேனாக்களை எழுதிப் பார்க்க வேண்டும். முன்னறைக்குப் போய் அந்தத் தாள்கட்டையும் ஒரு மைப்புட்டியையும் எடுத்து வந்தேன். தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மையில் தொட்டு இழுத்துப் பார்த்தேன். சரியாக எழுதுவது வலப்பக்கம், உரசுவது இடப்பக்கம். நடுவில் தாளின் ஓரத்தில் ரத்தம் வந்து தொட்டது. நல்ல தாளில் எந்த நீரும் ஓரத்தில் பிசிறாது என்பார்கள். பிசிறவில்லை.

அத்தான் பேசப் பார்த்தார். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. வலக்கை மட்டும் கொஞ்சம் அசைந்தது. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் எழுதிக் காட்டினார். கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? வலப்பக்கத்து வரிசையிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்து அவர் விரலில் வைத்து, தாள்கட்டைக் கைக்குக் கீழே பிடித்தேன். மூடியை மட்டும் நானே வைத்துக்கொண்டேன். இரவல் கொடுக்கிற எவனும் மூடியைக் கொடுக்க மாட்டான். மூடி இல்லாத பேனாவை யாரும் மறந்துபோய்ச் சட்டைப்பையில் செருகிக்கொள்ள மாட்டார்கள் பாருங்கள். கைப்பழக்கம்.

அவர் எழுதினார். ‘அவளைக் கூப்பிடு.’

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிடரி உடைந்து, மூச்சு இழுத்துக்கொண்டு, தலையைக்கூடத் தூக்காமல் எழுதியது. அப்போதும் முத்துத்தான். ‘கூ’வின் வால் எவ்வளவு நிதானமாகத் திரும்பியிருந்தது தெரியுமா? மெல்லிய இடம் மெல்லியதாக, தடித்த இடம் தடித்ததாக. அந்தப் பேனா நாலு வருடமாக என்னிடம் இருக்கிறது. தினமும் துடைத்திருக்கிறேன். என் கையில் அது ஒருநாளும் அப்படி எழுதியதில்லை. அதை நான் ஓர் எழுத்தாகப் பார்த்தேன், ஐயா. அது ஒரு வேண்டுகோள் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தோன்றியது. பிறகுதான் தோன்றியது.

பேனாவை அவர் விரலிலிருந்து எடுத்தேன். அதே தாளில், அவர் எழுதியதற்குக் கீழே, அதே சொற்களை நானும் எழுதிப் பார்த்தேன். கோழி கிண்டியதுதான் வந்தது. இன்னொரு முறை எழுதினேன். அத்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. வலியாக இருக்கும்.

தையல் இயந்திரம் நின்றபோது நான் எல்லாப் பேனாக்களுக்கும் மூடி போட்டு முடித்திருந்தேன். தட்டுகள் சுவரோரம் அடுக்கியாகிவிட்டன. அத்தானின் தலையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். டீ குடிக்கக் கூப்பிடலாம் என்று இறங்கி வந்த அக்கா எங்களை அப்படித்தான் பார்த்தாள். அதற்குள் அவர் போய்விட்டிருந்தார்.

அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல நீ பக்கத்துல இருந்தியேடா தம்பி. தனியா போயிட்டாரேன்னு நான் அழ வேண்டியதில்ல" என்றாள். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பில்லை. கண்ணாடி அலமாரியை என்ன செய்ய என்று கேட்டேன். "உன் இஷ்டம்டா, எப்படி இருந்துதோ அப்படியே இருக்கட்டும்" என்றாள். எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினேன்.

அந்தத் தாளைக் கிழித்துக் கழிவுக் காகிதத்தோடு போட்டேன். பழைய பேப்பர்க்காரர் மூட்டை கட்டிக்கொண்டு போனார். அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

பிறகு ஒருநாள் காலையில் கடையைத் திறந்தேன். மேசைமேல் தாள்கட்டில், புதுத் தாளில், நடுவில் எழுதியிருந்தது. ‘அவளைக் கூப்பிடு.’ அவர் எழுத்து. பழைய தாளின் அழுத்தம் அடியில் பதிந்திருக்குமோ என்று தாள்கட்டையே மாற்றினேன். மறுநாளும் இருந்தது. தாள்கட்டை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன், இழுப்பறைக்குள்ளேயே எழுதியிருந்தது. மைப்புட்டிகளை எல்லாம் எடுத்து என் அறைக்குக் கொண்டுபோனேன். அதுவும் உதவவில்லை. அந்தக் கழிவுத் தாள் கூழாகி, மறுபடி தாளாகி, மறுபடி எங்கள் கடைக்கே வந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பைத்தியக்கார நினைப்புத்தான். ஆனால் நீங்கள் அந்தக் கடையில் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்து நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். காலையில் எழுந்தால் என் விரலில் மை இருப்பதும் உண்மைதான். பேனாக் கடைக்காரன் விரலில் மை இல்லாமல் சந்தனமா இருக்கும்? நான் எழுதியிருக்க முடியாது. என் கையெழுத்தைத்தான் பார்த்தீர்களே, புகாரில். அந்தக் ‘கூ’வை இந்தக் கையால் போட முடியுமானால் என் வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

தினமும் அக்கா இறங்கி வருவதற்குள் தாளைக் கிழித்துவிடுவேன். நேற்று எனக்கு முன்னால் அவள் இறங்கிவிட்டாள். நான் வந்தபோது வாடிக்கையாளர் உட்காருகிற முக்காலியில் உட்கார்ந்து, அந்த எழுத்தின்மேல் விரலை வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது அவர் எழுத்துடா."

"யாரோ விளையாடறாங்க அக்கா."

"இருபத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினவ நான். அவர் எழுத்து எனக்குத் தெரியாதா?" அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "யாரைக் கூப்பிடச் சொல்றாரு? என்னையா? நான் மேலதானே இருந்தேன். தம்பி, நான் மேலதானே இருந்தேன்?"

நான் கடைக்கதவைத் திறக்கிற சாக்கில் நகர்ந்துவிட்டேன். அதிலிருந்து அவள் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தைப்பதும் இல்லை. தையல் இயந்திரம் ஓடாத வீட்டில் எல்லாச் சத்தமும் கேட்கிறது. முள் தாளில் உரசுகிற சத்தம் இருக்கிறதே, சின்னதுதான், எலி சுரண்டுவது போல. அது எனக்கு எங்கே போனாலும் கேட்கிறது. இப்போது நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், அதையும் தாண்டிக் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. எனக்காக இல்லை. அக்காவின் மனம் உடைந்துவிடுமே என்றுதான். அவள் என்னைத் தவிர வேறு யாரை நம்பியிருக்கிறாள்? அதனால்தான் வந்தேன். எழுதுகிற ஆளைப் பிடித்துக் கொடுங்கள்.

நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். பெரும்பாலும் சரியாக இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும், ‘அவர் உயிரோடு இருந்த நேரம் முழுவதும் இவர் யாரையும் கூப்பிடவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. திருத்திக்கொள்ளுங்கள். நான் செய்யாததைச் செய்ததாகச் சொல்வது எவ்வளவு அநியாயமோ, செய்ததைச் செய்யவில்லை என்பதும் அவ்வளவு அநியாயம்.

கூப்பிட்டேன். கைபேசி என் சட்டைப்பையிலேயேதான் இருந்தது. இடப்பக்கம் ஒதுக்கிய பேனாக்களில் ஒன்றின் முள் நன்றாக வளைந்திருந்தது, கொக்கி மாதிரி. கடையிலேயே விலை உயர்ந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பேனா பழுது பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். எப்போதும் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டிருப்பதால் ஒற்றைக்கண்ணர் என்று கூப்பிடுவோம். அவருக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். முள் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, நுனி பிளந்திருக்கிறதா என்று பொறுமையாகக் கேட்டார். நானும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொன்னேன். "பயப்படாதீங்க, இன்னிக்கே கொண்டாங்க, நேராக்கிடலாம்" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அத்தானும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், தன்னால்தானே விழுந்தது என்று அவருக்கும் மனசு அடித்துக்கொண்டிருக்கும். குனிந்து அவர் காதருகில் சொன்னேன்: "கவலைப்படாதீங்க அத்தான். சரி பண்ணிடலாமாம்."

அதைக் கேட்ட பிறகுதான் அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.